இரண்டு முன்பற்களுக்கு நடுவே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசுக்கு எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்கிறோமே, இவள் எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் பேச ஆரம்பித்தால் உன் பக்கத்திலிருந்து டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். என்னடா அது என்றால் ஆபீஸ் வேலைம்மா, நீ சொல்லு சொல்லு என்பாய். இத்தனை வருஷமாக நானும் அதை ஆபீஸ் வேலை என்றே நம்பியிருக்கிறேன், பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகூட உழைக்கிறானே என்று உன் அப்பாவிடம் அங்கலாய்த்திருக்கிறேன். என்ன வேலை நடந்தது என்று இப்போது அச்சில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடிதம் என்றால் நான் எழுதியது என் கையெழுத்திலேயே உன்னிடம் இருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை என்று நாளைக்கு நானும் சாதிக்க முடியாது, நீயும் சாதிக்க முடியாது. அதனால் ஒரே மூச்சில் படித்து முடி, பாதியில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு நிற்காதே.

முதலில் அந்தப் பேட்டியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் வராது. உன் கதைக்குப் பரிசு கிடைத்ததும் பத்திரிகையில், உங்களுக்குக் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டிருக்கிறார்கள். நீயும் கன்னத்தில் கை வைத்துப் படத்துக்கு உட்கார்ந்துகொண்டு, கதைகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன, எழுத்தாளன் கையை நீட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறாய். மிதந்துகொண்டு இருக்கின்றனவாம். வாரம் நாற்பது நிமிடம் தொண்டை வறள நான் கத்தியதெல்லாம் உனக்குக் காற்றா? உன் சித்தி ஃபிரிட்ஜைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்றாளே, அது காற்றா? அதை நீ கதையாக்கிப் போட்ட நாளிலிருந்து அவள் என்னிடம் வெயில், மழை தவிர வேறு பேச்சே பேசுவதில்லை, எது சொன்னாலும் அச்சுக்குப் போய்விடும் என்று ஒரு பயம். உன் அக்காவும் அப்படித்தான், மாமியாரோடு ஏதோ மனஸ்தாபம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கேட்டால் ஒன்றுமில்லம்மா என்கிறாள். பெற்ற பெண் என்னிடம் வாயைத் திறக்கப் பயப்படுகிறாள் என்றால் அது உன் புண்ணியம். இதையெல்லாம்கூட நான் விழுங்கிக்கொண்டேன். போகட்டும், பிள்ளைக்கு ஒரு பேர் கிடைக்கிறதே என்று இருந்தேன். ஆனால் டிக்கெட்டம்மா விஷயத்தை விழுங்க முடியவில்லை, தொண்டையில் அப்படியே நிற்கிறது.

டிக்கெட்டம்மா யார் என்று உனக்கு நன்றாகவே தெரியும், நீதான் அவளைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஆக்கிப் பரிசு வாங்கியிருக்கிறாயே. ஆனாலும் ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவள், ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்கு அவள் டிக்கெட்டம்மாதான். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார், போன வருஷம் தவறிப்போனார். அது ஆன இரண்டு மாதத்தில் இவளுக்கு மிச்சமிருந்த பற்களை எல்லாம் எங்கள் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிடுங்கினார், எல்லாமே ஆடிப்போயிருந்தன. ஈறு ஆறி இறுக ஆறு மாதம் ஆகும், அதுவரை பல் செட் கட்ட முடியாது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்ன வேண்டியதுதான் என்று அவளிடம் சொல்லி அனுப்பினோம். அன்றைக்கே அவள் பின்கட்டில் நான் பல் செட் கட்டும் அறைக்கு வந்துவிட்டாள். நான் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன், முழங்கை வரைக்கும் வெள்ளை. கைப்பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினாள், மூலை கிழிந்தது, இருபது இருபத்திரண்டு வயதில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறாள். மேல்வரிசையில் இரண்டு முன்பற்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி, ஒரு தீக்குச்சி நுழையும். எனக்குக் கட்டும்போது இதே மாதிரி சந்து விட்டுக் கட்டுங்க என்றாள், பஞ்சைக் கடித்துக்கொண்டு சொன்னதில் எனக்கு இரண்டாம் தரம் சொல்லித்தான் புரிந்தது.

இருபத்தாறு வருஷமாக நான் பல் செட் கட்டுகிறேன், எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான், வெள்ளையாக வேண்டும், வரிசையாக வேண்டும். எண்பது வயதுக் கிழவர்கூட நடிகர் மாதிரி பல் கேட்பார். சந்து வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் இவள்தான். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேசும்போதெல்லாம் இடது கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டே பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன், டக்டக் கேட்டது. ஆறு மாதம் கழித்து அவளுக்கு ஈறு ஆறியது, உன் கதையும் வந்தது. ஊரை மாற்றினாய், வேலையை மாற்றினாய், கார்ப் பள்ளிக்காரரைக் கடிகாரம் பழுது பார்ப்பவராக்கினாய். ஆனால் அந்தச் சந்தையும், கிழிந்த மூலையையும், வாய்க்குக் குறுக்கே போகும் கையையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டாய். உன் கதையில் கணவர் அந்த இடைவெளியில் மயங்கிக் கிடந்தாராம், உன் சிரிப்பு அதற்குள்தான் குடியிருக்கிறது என்பாராம், அவர் போன பிறகும் அவருக்காக அந்த இடைவெளியை வைத்துக்கொள்ள விரும்புகிறாளாம். படித்துவிட்டு நான் அழுதேன், மறைப்பானேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அழுதேன்.

இனி உன் அப்பா செய்த காரியம். என்னால் திட்டி மாளவில்லை, நீயும் உன் பங்குக்குத் திட்டு. பிள்ளை பரிசு வாங்கிவிட்டான் என்று அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உன் கதையைப் பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் பின் அடித்து, முதல் பக்கத்தில் உன் பேருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, எங்கள் டாக்டரின் காத்திருக்கும் அறையில் பழைய வார இதழ்களோடு அடுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறார். பல்வலிக்காரர்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், படிக்கட்டுமே என்று விளக்கம் வேறு. பக்கத்து மருந்துக்கடையிலும் இரண்டு வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தாராம். ஆச்சரியப்பட்டேன்.

மெழுகு செட் வைத்துப் பார்க்கும் நாளும் வந்தது. கடைசியாகக் கெட்டிப் பொருளில் வார்ப்பதற்கு முன்னால் பற்களை மெழுகில் நட்டு, வாயில் வைத்துப் பார்ப்போம். உதடு எப்படி நிற்கிறது, பேச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்போம், அப்போது பல்லை முன்னே பின்னே நகர்த்தலாம், வார்த்த பிறகு நகர்த்த முடியாது. அந்தச் சந்துக்காக நான் இரண்டு நாள் மெனக்கெட்டிருந்தேன். கொஞ்சம் அகலமானால் ச என்னும்போது விசில் அடிக்கும், குறைந்தால் அழுக்குச் சேர்ந்த கோடு மாதிரி தெரியும். புகைப்படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நட்டேன். அவள் முக்கால் மணி நேரம் வெளியே காத்திருந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் என்னவோ மாதிரி இருந்தது, பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செட்டை வாயில் வைத்து, எங்கே, சர்க்கரை சொல்லுங்க, சீசா சொல்லுங்க என்றேன். சொல்லவில்லை. சும்மா ஒரு தடவை சிரிங்க என்று கண்ணாடியைக் காட்டினேன். கண்ணாடியைப் பார்த்தாள், தானே விரலை விட்டுச் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கேயோ அழுத்துகிறது போல என்று நான் ஈறைத் தடவிப் பார்க்கிற யோசனையில் இருக்கிறேன், புத்தியைப் பார். வெளியே வந்து பார்த்தால் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உன் கதை, கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பியபடி கிடந்தது.

மறுநாள் டாக்டருக்கு அவள் போன் செய்து, சந்து வேண்டாம், எல்லாருக்கும் கட்டுகிற மாதிரி அடைத்துக் கட்டச் சொல்லுங்கள் என்றாளாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய்க்குள்ள பாக்குறதெல்லாம் வாய்க்குள்ளயே இருக்கணும், இருபத்தாறு வருஷம் கழிச்சு இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா என்றார். இனிமேல் நோயாளிகள் இருக்கும்போது நான் முன்பக்கம் வர வேண்டாமாம், அளவையும் நிறத்தையும் அவரே பார்த்து எழுதி அனுப்புவாராம். அந்தச் சின்ன அறையில் மெழுகும் நானுமாகக் கிடக்கிறேன். யார் வாய்க்குக் கட்டுகிறோம் என்று முகம் தெரியாமல் பல் அடுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அது உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

அடைத்து ஒரு செட் நட்டேன், நன்றாகத்தான் இருந்தது, யாருடையதாகவும் இருக்கலாம் என்பது போல இருந்தது. மனசு கேட்கவில்லை. போன சனிக்கிழமை காலையில் இரண்டு மெழுகு செட்டையும் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். டாக்டருக்குத் தெரிந்தால் அந்தச் சின்ன அறையும் இல்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன், உள்ளே வாங்க என்றாள். மேஜையில் பாதி தின்ற ரொட்டிக் கிண்ணம். எட்டு மாதமாக அதுதான். உட்கார்ந்ததும் நான் பாடமாகச் சொல்லிவைத்திருந்ததை ஒப்பித்தேன், என் பையன் உங்களை உயர்வாகத்தான் எழுதியிருக்கான், ஊரு பேரு எதுவும் போடலை, உங்க வீட்டுக்காரர் உங்க மேல வெச்சிருந்த பிரியத்தைத்தான் என்று இழுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு சொன்னாள், பல் இல்லாத பேச்சு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், நான் இரண்டு மூன்று இடத்தில் திரும்பக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

அந்த மனுஷருக்கு அந்தச் சந்து பிடிக்கவே பிடிக்காதாம். கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் இவள் சிரித்தபோது, ஜன்னலைச் சாத்து, காத்து வருது என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம், இவளும் சிரித்தாளாம். அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் அதே வார்த்தைதானாம். யார் வந்தாலும், இவள் எதற்குச் சிரித்தாலும், ஜன்னலைச் சாத்து. அடித்ததில்லை, குடித்ததில்லை, வெளியில் கேட்டால் தங்கமான மனுஷர், இது ஒன்றுதான். அப்படித்தான் அந்தக் கை வாய்க்குப் போகப் பழகியதாம். நானும் அந்தக் கையைப் பார்த்தேனே, கூச்சம் என்று நினைத்தேன், உன்னிடம் ஆசையாகச் சொன்னேன், நீ அதை இன்னும் கொஞ்சம் ஜோடித்து வெட்கம் ஆக்கினாய். இனி சொல்ல ஆள் இல்லை, என் பல்லோடு கொஞ்ச நாள் சிரிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன் என்றாள். இப்போது என்ன ஆயிற்று என்றால், கதையைப் படித்து அந்தக் கையை வைத்து ஆளைக் கண்டுகொண்ட மருந்துக்கடைக்காரர் இவளை நிறுத்திவைத்து, குடுத்து வெச்சவங்கம்மா நீங்க, இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்கிறாராம். நாத்தனாரும் கதையைப் படித்துவிட்டுப் போன் செய்து, என் தம்பி மனசு இப்பத்தான் எனக்கே தெரியுது என்று அரைமணி நேரம் அழுதாளாம். இவள் மறுத்துச் சொன்னால் செத்தவரைப் பற்றிக் குறை சொல்கிறாள் என்று ஆகும். எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்தச் சந்து ஒண்ணுதான், அதையும் அவரு பேருக்கே எழுதிக் குடுத்துட்டான் உங்க பையன் என்றாள். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இதற்காகத்தான் இவ்வளவும் சுற்றிவந்தேன். கணவருக்கு அது பிடித்திருந்தது என்பதை நீ எங்கிருந்தோ பிடித்தாய் என்று அவள் வீட்டிலிருந்து வந்த முதல் மூன்று நாள் உன்னைக் கரித்துக்கொட்டினேன். நாலாவது நாள் எச்சில் பாத்திரம் கழுவும்போது ஞாபகம் வந்தது. நான்தான் சொன்னேன். அந்தப் புகைப்படத்தைச் சொன்ன கையோடு, அவ வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடிக்கும் போலடா, அதான் கேக்குறா பாவம் என்று சொன்னேன். போல என்றேன், ஆனால் போல என்கிற குரலில் சொல்லவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. உன் அப்பா நல்லவர்தான், ஆனால் நான் கண்ணாடியின் சட்டத்தை மாற்றி ஆறு மாதம் கழித்து, இது எப்ப வாங்குனே என்று கேட்டவர். உலகத்தில் ஒரு பெண்டாட்டியின் பல்லில் இருக்கும் ஒரு சந்தைக்கூடக் கவனித்து ஆசைப்பட்ட ஒரு புருஷன் எங்கேயாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்திருக்கிறது. அந்த ஆசையை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டேன். அளவு எடுக்காமல் கட்டிய செட். நீ அதற்குப் பளபளப்பு ஏற்றினாய், உன் அப்பா பன்னிரண்டு பேருக்கு விநியோகம் செய்தார். இனி யாராவது உன்னிடம் கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் காற்று என்று சொல்லாதே, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் அம்மாவுக்கு எது கிடைக்கவில்லையோ அங்கிருந்து வந்தது என்று சொல்ல உனக்குத் தைரியம் இருந்தால் சொல், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு.

மறுநாளே டப்பாவோடு மறுபடி போய் இதை அவளிடமும் சொல்லிவிட்டேன், என் பையன் இல்லை, நான்தான் இட்டுக்கட்டினேன் என்று. என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே என்றாள், அவ்வளவுதான். பத்திரிகையில் திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம், அது இன்னும் நாலு பேர் படிக்கத்தான் ஆகும் என்றாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். இரண்டையும் பார்த்தாள், எதையும் தொடவில்லை. அந்தப் பையனை என்கிட்ட பேசச் சொல்லுங்க, பேசினப்புறம் எதுன்னு சொல்றேன் என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மெழுகு காத்துக்கொண்டிருக்காது, இந்த வெயிலில் பல் தானாக நகர்கிறது. ஈறும் நாளுக்கு நாள் சுருங்குகிறது, இன்னும் மூன்று வாரம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து அச்சு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர், அவள் அதற்கு வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்குந்தான் இருந்தது, போனேன். மன்னிப்பு என்று நீளமாகப் பேசி உன் மனசை நீ கழுவிக்கொள்ளாதே, அதற்காக அவள் போனை எடுக்கப்போவதில்லை. அவள் பேசுவதைக் கேள். பேசும்போது கை இரண்டும் உன் மடியில் இருக்கட்டும். எழுதலாமா என்று ஆசை வந்தால் அதை அவளிடமே கேள், என்னிடம் கேட்காதே.

உன் அப்பா பாக்கி பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், மருந்துக்கடைக்காரர் மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாராம், அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், நான் கோபமாக இருக்கிறேன் என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்றார். கண்ணை உருட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்காராதே, முதுகை நிமிர்த்தி உட்கார். வலது பக்கக் கடைவாய்ப் பல் கூசுகிறது என்று போன மாதம் சொன்னாயே, போய்க் காட்டு, தள்ளிப்போடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாக எழுதவும் வேண்டும், அந்த ஆசை ஒன்றும் எனக்கு இல்லாமல் இல்லை. நீடூழி வாழ்க.

அவள் நம்பரை அடுத்த பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். காலை பதினொன்று வரை வீட்டில் இருப்பாள். பல் இல்லாமல் பேசுவதால் பாதி வார்த்தை உனக்குப் புரியாது. புரியாததை நீயாக நிரப்பிக்கொள்ளாதே, திரும்பக் கேள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் தீராத,
அம்மா